கல்விக்கடன் கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் காட்பாடிப் பக்கம் எல்லாரும் எந்த காலேஜ் என்றுதான் கேட்கிறார்கள். கடன் எவ்வளவு, எப்போது அடையும் என்று யாரும் கேட்பதில்லை.

வருஷத்துக்கு ஒரு லட்சம், நாலு வருஷம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும்போதும், முடித்து ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம். சரி, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டி போட்டாலே முதல் தவணைக்கு முன் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம்!

பக்கத்து வீட்டுத் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்போ படிக்கவே வேணாமா?" என்றான்.

படிடா. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதானே நீ? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாக இன்ஜினியரிங் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வேறு. (பாதி ஆம்பூர் பிரியாணிக்குப் போய்விடும், அது வேறு விஷயம்.)

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தக் கட்டணச் சலுகை கிடையாது. அவன் அப்பாவோ அதற்கு அட்வான்ஸ் கொடுக்க நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். ரேங்க் லிஸ்ட் வரும்வரையாவது பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.