மாலை ஐந்து மணி

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எறணாகுளத்துக்குக் கள்ளு ஏற்றிப் போகும் வண்டியை ஏழு ஆண்டுகள் ஓட்டினேன். விடியும் முன்னே புறப்படும் அந்த ஓட்டத்தில் கண் அசராமலிருக்க ஒருவர் கொடுத்த பொடியில்தான் எல்லாம் தொடங்கியது. எம்.டி.எம்.ஏ. என்னும் போதைப்பொருள் என்று சொல்லித்தான் விற்றார்கள். மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்தபோது மெத்தாம்பெட்டமின் என்னும் வேறொரு ஊக்கப்பொருள் என்று தெரிந்தது. இத்தனைக்கும் நான் கள்ளைத் தொட்டதே இல்லை.

சேர்ந்த முதல் பத்து நாட்களும் தூக்கத்திலேயே போயின. அதன்பின் வந்த வெறுமைதான் கொடியது. அம்மா கொண்டுவந்த பணியாரம்கூட வாயில் மண்ணாக இருந்தது. ஊக்கப்பொருள் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் வேதிப்பொருளை வெள்ளமாகப் பாய்ச்சிப் பாய்ச்சி அதை ஏற்கும் ஏற்பிகளைக் குறைத்துவிடுவதால் சாதாரண இன்பங்கள் உறைப்பதில்லை என்றும், இந்தப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லாததால் ஆலோசனையே முதன்மைச் சிகிச்சை, உடற்பயிற்சி அதற்குத் துணை என்றும் மருத்துவர் விளக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸில் மெத்தாம்பெட்டமினை விட்டவர்கள் 8 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம் நடந்தும் ஓடியும் எடை தூக்கியும் வந்தபோது அந்த ஏற்பிகள் கூடியதாக 2016-இல் வெளியான ஆய்வையும் சொன்னார். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் 19 பேர்தான் என்பதையும் அவரே சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

வீடு திரும்பிய முதல் நாள் வாய்க்கால் கரையில் நான்காவது பனைமரத்துக்கு மேல் நடக்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் வந்த மச்சான் ஒன்றும் பேசாமல் என்னைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து அழைத்து வந்தார். காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நானோ மாலை ஐந்துக்கு மாற்றிக்கொண்டேன், ஏனென்றால் சரக்குக்காரனின் அழைப்பு வழக்கமாக அந்த நேரத்தில்தான் வரும். இரண்டே மாதத்தில் மதகு வரை ஓடித் திரும்பினேன்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் வீட்டில் முடங்கினேன். ஐந்தாம் நாள் மறுபடி வாங்கினேன்.

ஆலோசகர் அம்மா திட்டவில்லை. “அன்று ஐந்து மணிக்கு வீட்டில் என்ன இருந்தது?” என்று மட்டும் கேட்டார். ஒரு நாற்காலி, கைப்பேசி, சுவர். கோகெய்னுக்குப் பழக்கிய சுண்டெலிகளைச் சக்கரமும் சிறு வீடும் அவ்வப்போது மாற்றப்படும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த பெரிய கூண்டுக்கு மாற்றியபோது அவற்றின் நாட்டம் தணிந்ததைப் பிரான்சில் 2008-இல் கண்டார்கள் என்றும், அந்த வசதியைப் பறித்தபோது எலிகள் கோகெய்னுக்கு எளிதில் வசப்பட்டதைப் பின்னர் அதே குழுவினரே கண்டார்கள் என்றும் அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

மழை நாளுக்கென்று திண்ணையில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு தொங்குகிறது. இரண்டு ஆடு வாங்கினேன். மலையாளம் பேச வருமே தவிர எனக்கு எழுதத் தெரியாது. தங்கை மகள் பள்ளி விட்டு வந்து ஐந்து மணிக்குச் சொல்லித்தருகிறாள். பதினான்கு மாதமாகிறது. என் நோட்டில் அவள் போடும் சிவப்புக் கோடுகள்தான் இன்னும் குறைந்தபாடில்லை.