நவம்பர் 2க்கு தமாலெஸ்: வெற்றிலைச் சுண்ணாம்பில் தொடங்குங்கள்

நவம்பர் 2 வந்தால் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவது யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் புதிதல்ல. மெக்சிக்கோவிலும் அன்றைக்கு அதே வேலைதான். கூடவே அங்கே சாப்பாடும் போகிறது, தமாலெஸ் என்ற சோளன் பலகாரம் அதில் ஒன்று. செத்தவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அதைச் சமைத்து, படத்துக்கு முன்னால் வைத்து, அவர் வந்து மணம் பிடித்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். எட்டுச்செலவுக்குப் படைக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தத் திருநாளின் பெயர் தியா தெ முவெர்த்தோஸ், இறந்தோர் நாள். முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு ஊர்வலம் போவதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். மெக்சிக்கோ நகரத்தின் அந்தப் பெரிய ஊர்வலம் 2016இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தின வருடம் வந்த ஒரு ஜேம்ஸ் பொண்ட் படத்தில் அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள், பிறகு நகரமே அதை நடத்தத் தொடங்கிவிட்டது. உண்மையான திருநாள் வீட்டுக்குள்ளும் சேமக்காலையிலும் குசினியிலும் இருக்கிறது. யுனெஸ்கோ 2008இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அதைத்தான்.

மூலக்கதையையும் கொஞ்சம் கவனமாகச் சொல்லவேண்டும். ஸ்பானியர் 1521இல் தெனொச்தித்லான் நகரை, அதாவது இன்றைய மெக்சிக்கோ நகரம் இருக்கும் இடத்தைப் பிடிக்கும் முன்பே, ஆஸ்டெக் என்று நாம் கேள்விப்பட்ட மெஷிக்கா மக்களுக்கு இறந்தோருக்கான இரண்டு விழாக்கள் இருந்தன, ஒன்று சின்னது, மற்றது பெரியது. அவை வந்தது நவம்பரில் அல்ல, ஏறக்குறைய ஆடி ஆவணியில். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள், நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் என்பது ஐரோப்பியத் திருச்சபையின் நாட்கணக்கு. இரண்டாவதை ஏறக்குறைய கி.பி. 1000ஐ ஒட்டி பிரான்சின் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தொடக்கிவைத்தார். இன்றைய திருநாளில் எவ்வளவு பழையது, எவ்வளவு ஸ்பெயினிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். படையலைப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: கோதுமைப் பாண் ஸ்பானியருடையது, சோளன் அந்த மண்ணுடையது.

சோளனில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். தமாலெஸ் என்பது சோளன் மாவுக்குள் இறைச்சியோ மரக்கறியோ வைத்து, இலையில் சுற்றி, ஆவியில் அவிப்பது. பார்வைக்குக் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரம். அதனால் கடையில் சோளமா வாங்கிச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தால் சரி என்று நினைப்பு வரும். பெட்டியில் வரும் வெள்ளைச் சோளமா வெறும் மாச்சத்து, பசையாகிவிடும். காய்ந்த சோளனைத் திரித்த மஞ்சள் மா ஒட்டாது, அவித்து எடுத்தால் உதிரும். பச்சைச் சோளன் பொத்தியை அரைத்தாலும் இந்த மா வராது. வேண்டியது காய்ந்த சோளன் மணி, அதோடு சுண்ணாம்பு.

சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்த சோளனுக்கு நிஷ்தமால் என்று பெயர். சுண்ணாம்பின் காரம் மணியின் தோலைக் கரைத்து விடுவிக்கும், அரைத்த மா பிடிக்க வைக்கும். சோளனுக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தையும் அதுதான் உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது. ஐரோப்பியர் சோளனைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளனையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. மெக்சிக்கோவில் ஆயிரக்கணக்கான வருடம் சோளன் தின்றவர்களிடம் அது அப்படிப் பரவவில்லை.

ஏறக்குறைய 20 தமாலுக்கு அளவு இது. காய்ந்த சோளன் 500 கிராம், தண்ணீர் ஒன்றரை லீற்றர், வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு 10 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் அரைவாசி. தூளாக இருந்தால் 5 கிராம் போதும், ஏனென்றால் களிச் சுண்ணாம்பில் பாதியளவு தண்ணீர். வாசனையோ நிறமோ சேர்த்த சுண்ணாம்பு வேண்டாம், சுவருக்கு அடிப்பதும் வேண்டாம். நீற்றாத சுண்ணாம்புக் கல்லைக் கையாலும் தொடாதீர்கள், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கோழித்தீனிக்கு விற்கும் சோளனையும் தவிர்க்கவேண்டும், அதில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம், அந்த நஞ்சு அவித்தாலும் முழுதாகப் போகாது.

எவர்சில்வர் சட்டி எடுங்கள். அலுமினியச் சட்டியைச் சுண்ணாம்பு அரித்துக் கறுக்கப்பண்ணும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, கழுவிய சோளனைப் போட்டு, கொதி வந்ததும் அடுப்பைத் தணித்து 40 நிமிடம் விடுங்கள். மணி உடனே கடும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். ஒரு மணியை எடுத்துப் பெருவிரலால் உரசினால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். கடித்தால் நடுவில் சோக்குக்கட்டி போல ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சியிருக்கவேண்டும். அந்தப் புள்ளியும் வெந்துவிட்டால் மா பிசின் மாதிரி இழுபடும், திருத்த வழியில்லை. அடுப்பை நூர்த்து, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, இரண்டு கையாலும் தேய்த்து, மூன்று தரம் கழுவுங்கள். சவர்க்கார வாடை இருந்தால் இன்னொரு தரம்.

அரைப்பதற்கு மெக்சிக்கோவில் மெத்தாத்தே என்று மூன்று காலுள்ள சரிந்த கல் இருக்கிறது, குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். அம்மி இருக்கிற வீட்டுக்கு அது புதினமல்ல. கிரைண்டரும் நன்றாக வரும். மிக்சி என்றால் ஒரு தடவைக்கு 200 கிராம், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், விட்டுவிட்டு அடிக்கவேண்டும். சுற்றவில்லையே என்று தண்ணீரை ஊற்றினால் தோசைமா ஆகிவிடும். தமாலுக்கு ரவை போலக் கொஞ்சம் கரகரப்பு நிற்பதுதான் நல்லது. ஏறக்குறைய 900 கிராம் மா கிடைக்கும். இதை அங்கே மாசா என்பார்கள்.

அடுத்தது கொழுப்பு. 250 கிராம் பன்றிக் கொழுப்பு அல்லது பட்டர். வெள்ளையாகிப் பொங்கும்வரை எட்டுப் பத்து நிமிடம் அடித்து, உப்பு இரண்டு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி சேர்த்து, மாசாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கோழி அவித்த தண்ணீர் 250 மில்லிலீற்றரை விட்டு விட்டு அடியுங்கள். அப்பச்சோடா போடாதீர்கள். மா ஏற்கெனவே காரம், சோடாவும் சேர்ந்தால் சவர்க்காரம் கடித்த மாதிரி இருக்கும். தேங்காயெண்ணெய் பாவிப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துத்தான் அடிக்கவேண்டும். நம் ஊர் வெக்கையில் அது தண்ணீராகவே நிற்கும், காற்றைப் பிடிக்காது. சோதனை சுலபம்: கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு சுண்டங்காயளவு மாவைப் போடுங்கள். மிதந்தால் சரி, தாழ்ந்தால் இன்னும் அடிக்கவேண்டும். மிதக்காத மாவை அவித்தால் கல்லுத்தான். பன்றி ஸ்பானியரோடு வந்தது, மெஷிக்கா மக்களின் தமால் கொழுப்பில்லாமல்தான் இருந்தது. சைவ வீட்டில் கொழுப்பைக் குறைத்து, பூசணிக்காய் வதக்கி வைத்துச் செய்தால் அது பழைய முறைக்குத்தான் கிட்ட வருகிறது. தேங்காய்ப்பால் விடலாமா என்றால், ருசியாக இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம்.

உள்ளுக்கு வைக்கக் கோழி அரைக் கிலோ, எலும்போடு அவித்து நாராகப் பிய்த்தது. அங்கே பாவிக்கும் மிளகாய் பெரியது, உறைப்புக் குறைவு, நிறம் கூட. செத்தல் மிளகாயை அதே கணக்கில் போட்டால் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். ஆறு செத்தலை விதை நீக்கி, வெறும் சட்டியில் சில விநாடி மட்டும் வாட்டுங்கள், கருகினால் கசக்கும். நிறத்துக்கும் சதைக்கும் பழுத்த சிவப்புக் குடைமிளகாய் இரண்டை நெருப்பில் சுட்டுத் தோல் உரியுங்கள். இவற்றோடு தக்காளி மூன்று, உள்ளி நான்கு பல்லு, சீரகம் அரைத் தேக்கரண்டி, கராம்பு இரண்டு, கறுவா சின்னத் துண்டு. அரைத்து, எண்ணெயில் பதினைந்து நிமிடம் சுண்ட வைத்துக் கோழியைப் பிரட்டுங்கள். குழம்பாக இருந்தால் இலைக்குள் ஒழுகி மாவை நொய்யப்பண்ணும். யாழ்ப்பாணத் தூளில் ஒரு கரண்டி போடக் கை துருதுருக்கும். போட்டால் கோழிக்கறிக் கொழுக்கட்டை.

தமாலைச் சோளன் மட்டையிலும் சுற்றுவார்கள், ஒஹாக்கா, யுகத்தான் போன்ற தெற்குப் பகுதிகளில் வாழையிலையிலும் சுற்றுவார்கள். யுகத்தானில் இந்த நாட்களுக்கு ஹனல் பிஷான் என்று மாயர் மொழிப் பெயர், ஆன்மாக்களின் சாப்பாடு. பெரிய தமாலை வாழையிலையில் கட்டி நிலத்தில் குழி தோண்டிப் புதைத்துச் சுடுகிறார்கள். வாழை ஆசியப் பயிர், ஸ்பானியர் காலத்தில்தான் அங்கே போனது. அங்கிருந்து இங்கே வந்தது மிளகாய்.

இலையை நடுநரம்பு நீக்கி, ஒரு சாண் சதுரத்துக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நெருப்பின் மேல் காட்டுங்கள். பளபளப்பு ஓடி நிறம் கடுக்கும்போது எடுத்தால் மடிக்க வெடிக்காது. நான்கு மேசைக்கரண்டி மாவைப் பரப்பி, நடுவில் ஒரு கரண்டி கோழி வைத்து, இலையை மடித்து மாவால் மூடப்பண்ணி, நான்கு பக்கமும் மடக்கி வாழைநாரால் கட்டுங்கள். இட்லிச் சட்டியில் அடுக்கி, மேலே இலை, அதற்கு மேல் ஒரு துணி. துணி இல்லாவிட்டால் மூடியில் இருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே போகும். 75 நிமிடம். அங்கத்தைய பெண்கள் சட்டியின் அடித்தண்ணீரில் ஒரு நாணயம் போடுவார்கள். தண்ணீர் இருக்குமட்டும் அது டக டக என்று அடிக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது. ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கழுவிப் போடுங்கள். வற்றினால் கொதிதண்ணீர்தான் விடவேண்டும், பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி நின்று மா இறுகிப்போகும். இறக்கியதும் பிரித்துப் பார்த்து வேகவில்லை என்று திரும்ப வைக்காதீர்கள். கால்மணி நேரம் ஆறவிட்டால் மா இலையை விட்டுத் தானாகக் கழரும்.

குடிக்க அத்தோலே. கொழுப்புச் சேர்க்கும் முன்பே எடுத்துவைத்த மாசா 100 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வடித்து, கறுவா ஒரு பட்டையும் பனங்கட்டி 120 கிராமும் போட்டு, கட்டிபடாமல் துழாவிக்கொண்டே 15 நிமிடம் காய்ச்சுங்கள். ஆடிக்கூழ் காய்ச்சத் தெரிந்த கைக்கு இது விளையாட்டு. அங்கே வெல்லம் கரும்பில் வருவது, பனங்கட்டியின் புகைவாசம் அதைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி. கறுவாவைப் பற்றிக் கவலையே இல்லை, மெக்சிக்கோக்காரர் வாங்குவதே இலங்கைக் கறுவாதான்.

பான் தெ முவெர்த்தோ என்ற பாணை வெதுப்பகத்தில் சொல்லிச் செய்விக்கலாம். பட்டர், முட்டை, தோடம்பழத் தோல்துருவல் சேர்ந்த இனிப்புப் பணிஸ் மாதான், மேலே எலும்பு போல உருட்டிய இரண்டு துண்டு குறுக்கே வைக்கவேண்டும். அந்த எலும்புக்குரிய மாவில் மட்டும் ஒரு பிடி கோதுமை மா கூடச் சேருங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் உருகிப் பரவிவிடும்.

படையலுக்கு மேசை ஒன்று, அதன்மேல் பெட்டி வைத்து இரண்டு மூன்று தட்டு. மேலே படம், கீழே சாப்பாடு. ஒரு கிளாஸ் தண்ணீர் மறக்கக்கூடாது, தூரப் பயணம் வந்தவருக்குத் தாகம் இருக்கும். உப்பு, மெழுகுதிரி, கொப்பால் என்ற மரப்பிசின் புகை. கொப்பாலுக்குப் பதிலாகக் குங்கிலியம். பூ, மாலை கட்டுகிற செம்மஞ்சள் செவ்வந்தி, அதாவது மேரிகோல்ட். அது அந்த நாட்டுப் பூவேதான், செம்பசூச்சில் என்பார்கள். இதழை உதிர்த்து வாசலில் இருந்து மேசை வரை பாதை போடவேண்டும். நவம்பர் மாரியில் இதழ் ஈரம் பட்டால் ஒரே இரவில் அழுகி நாறும், ஆகவே விறாந்தைக்கு உள்ளே மட்டும் போடுங்கள். படையலில் வைக்கும் சீனி மண்டையோடும் இந்த ஈரப்பதனுக்குச் சரிவராது, கசியும். நவம்பர் 1 குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. சின்ன வயதில் போனவர் இருந்தால் முதல்நாளே உறைப்பில்லாமல் நான்கு தமால் ஒதுக்கி வையுங்கள்.

படைத்ததை வீட்டாரும் அயலும் பகிர்ந்து சாப்பிடுவது அங்கத்தைய வழக்கம். இறைச்சி வைத்ததை மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள். மிஞ்சினதை இலையோடு குளிரில் வைத்து, அடுத்தநாள் தோசைக்கல்லில் இலை கருகும்வரை சுட்டு எடுங்கள்.