பனிக்கு முந்தைய நாட்கள்: கனசாவாவும் கொகயாமாவும்

நவம்பர் 6, கனசாவா (ஜப்பான்)

காலையிலேயே கென்ரோகுயென் தோட்டத்துக்குப் போய்விட்டேன். நவம்பர் 1 முதல் இங்கே மரங்களுக்கு ‘யுகித்சுரி’ கட்டுகிறார்கள். சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து இந்தப் பக்கம் கொட்டுவதால், விழுகிற பனி நீர் கோத்துக் கனமாக இருக்கும், கிளைகள் முறிந்துவிடும். அதற்காக அடிமரத்தை ஒட்டி உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கிளை கிளையாக வைக்கோல் புரி இறக்கிக் கட்டுகிறார்கள். முதல் கட்டு கசுமிகைகே குளக்கரையில் நிற்கும் கரசாகி பைனுக்கு. பிவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து, இந்தப் பகுதியை ஆண்ட மயேதா பிரபுக்களில் 13ஆமவர் வளர்த்த மரம். அதற்கு மட்டும் சுமார் 800 கயிறு!

இன்று வேறொரு பைனில் வேலை. உச்சியிலிருந்தவர் கயிற்றை வீச, கீழே நின்றவர் பிடித்துக் கிளையில் முடிந்து, விரலால் சுண்டிப் பார்த்தார். தொய்வாக இருந்தால் அவிழ்த்து மறுபடியும் கட்டினார். கூட்டமெல்லாம் இரண்டு கால் கல்விளக்கின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்தத் தோட்டத்தில் இதைவிட அழகான காட்சி கிடையாது.

நவம்பர் 7

நாள் முழுக்க மழை. குடையோடு நீரூற்றை மட்டும் பார்த்துவந்தேன். மோட்டார் இல்லை, மேலே உள்ள குளத்துக்கும் இதற்கும் உள்ள உயர வித்தியாசமே நீரைப் பீய்ச்சுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் தத்சுமி கால்வாய் 1632இல் வெட்டியது.

நவம்பர் 9, ஐனொகுரா (கொகயாமா மலைப்பகுதியில் ஒரு சிற்றூர்)

தகாவோகாவிலிருந்து பஸ். இறங்கி மேடேறினால் இருபது சொச்சம் புல்கூரை வீடுகள், சுற்றிலும் சின்னச் சின்ன வயல்கள். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பனி தங்காமல் வழுக்கி விழத்தான் கூரை இவ்வளவு செங்குத்து. கூரைச் சட்டத்தில் ஆணி இல்லை. புரியும் வளைத்த இளங்கொம்பும் சேர்த்து இறுக்கிய கட்டுதான். தங்கிய வீட்டில் மேல்தளத்துக்கு ஏறி அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். கணப்புப் புகை ஏறி ஏறிக் கருத்து, மரம்போல இறுகியிருந்தது. புகை பூச்சியையும் அண்டவிடாதாம்.

முன்பு மேல்தளத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அதன் எச்சத்தை மண்ணோடும் புல் பூண்டோடும் கலந்து, கணப்புக்குப் பக்கத்தில் தரைக்கடியில் குழி தோண்டி மூடிவைப்பார்கள். சில வருஷம் கழித்து அந்த மண்ணில் நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினால் வெடியுப்பு. வாங்கிக்கொண்டது யார் என்கிறீர்கள்? அதே மயேதா பிரபுக்கள்தான். கென்ரோகுயெனைக் கட்டிக் காத்த அரசுக்கு வெடிமருந்துச் சரக்கு இந்த ஊர்த் தரையடியிலிருந்து போயிருக்கிறது. தோட்டத்தைப் பார்க்க வருபவர்கள் இங்கேயும் ஓர் இரவு தங்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்திறங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சரி, நாளை காலை பஸ்ஸில், இதேபோன்ற புல்கூரை வீடுகள் உள்ள ஷிரகாவா-கோ.