ஐந்து பேரைத் தேடி சாரநாத்துக்கு

வாரணாசி ரயில் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஏறினால் சாரநாத் சுமார் பத்து கிலோமீட்டர்தான். டிசம்பர் பனியில் காலை எட்டு மணிக்கும் எதிரே வந்த வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தன. அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். புத்தரோ தன் முதல் உபதேசத்தைச் சொல்ல, ஞானம் பெற்ற புத்தகயாவிலிருந்து இங்கே நடந்தே வந்தார். இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர்.

சித்தார்த்தர் 29 வயதில் வீட்டைத் துறந்தார். ஆலார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரு ஆசிரியர்களிடம் தியானம் பயின்றும் மனம் நிறையவில்லை. அப்புறம் புத்தகயாவை ஒட்டிய உருவேலா வனத்தில், ஐந்து துறவிகள் துணையிருக்க, பட்டினி கிடந்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு அகப்பட்டதாகப் பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் சொல்கின்றன. இது வழியில்லை என்று தெரிந்ததும் சோறு உண்டார். அவ்வளவுதான், ‘இவர் சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார்’ என்று ஐவரும் விட்டுப் போய்விட்டார்கள். பிறகு தனியாக அரச மரத்தடியில் அமர்ந்து ஞானம் பெற்றார். அப்போது வயது 35.

கண்டதை யாருக்கு முதலில் போதிப்பது? பழைய ஆசிரியர்கள் இருவரும் இறந்திருந்தார்கள். அடுத்து அவர் நினைத்தது, தன்னைக் கைவிட்டுப் போன அந்த ஐவரைத்தான். அவர்கள் காசிக்கு அருகே இசிபதனத்து மான் வனத்தில் இருந்தார்கள். இன்றைய சாரநாத் அதுதான். வழியில் உபகர் என்ற, ஆசீவகம் என்னும் வேறு சமயத்தைச் சேர்ந்த துறவி எதிர்ப்பட்டார். புத்தர் தன் ஞானத்தைப் பற்றிச் சொன்னார். உபகர் ‘இருக்கலாம்’ என்று தலையை ஆட்டிவிட்டு வேறு பாதையில் போய்விட்டார். பௌத்த நூல்கள் இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் சௌகண்டி ஸ்தூபி வருகிறது. பெரிய செங்கல் மேடு. உச்சியில் உள்ள எண்கோணக் கட்டடம் மட்டும் 1588-இல், ஹுமாயூன் வந்துபோன நினைவாகக் கட்டியது. ஐவரும் புத்தரைச் சந்தித்தது இங்கேதான் என்பது மரபு. தூரத்தில் அவரைப் பார்த்ததும், ‘எழுந்திருக்கக் கூடாது, பாத்திரத்தை வாங்கக் கூடாது’ என்று பேசி வைத்துக்கொண்டார்களாம். கிட்டே வந்ததும் ஒருவர் பாத்திரத்தை வாங்கினார், ஒருவர் இருக்கை போட்டார், ஒருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும் இடம் இது.

தொல்லியல் வளாகத்துக்குள் தாமேக் ஸ்தூபி 43 மீட்டருக்கு மேல் நிற்கிறது. கீழ்ப்பாதி செதுக்கிய கல், மேலே வெறும் செங்கல். வெள்ளை உடுத்திய இலங்கை யாத்ரிகர்கள் அதை வலம் வந்தபடி பாலியில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓதி முடித்து, ‘நன்று’ என்ற பொருளில் ‘சாது, சாது, சாது’ என்றார்கள். நான் எதிரே புல்தரையில் உட்கார்ந்து, முதல் உபதேசத்தின் தமிழாக்கத்தைக் கைபேசியில் படித்தேன்.

நான்கு உண்மைகளைப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துக்கம் அறும், அதற்கு எட்டு அங்கங்கள் கொண்ட வழி உண்டு. மனக்கசப்போடு பிரிந்து போனவர்களிடம் சொன்ன வார்த்தைகள் இவை என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. உபதேசம் இந்த உண்மைகளில் தொடங்கவும் இல்லை. புலன் சுகத்தில் மூழ்குவது ஓர் எல்லை, உடலை வதைப்பது இன்னோர் எல்லை, இரண்டையும் விட்டு நடுவழியில் போங்கள் என்றுதான் தொடங்குகிறது. ‘ஏன் சோறு உண்டாய்’ என்ற அவர்களுடைய மனத்தாங்கலுக்கு அதுவே பதில். துக்கம் எது என்று சொல்லும்போதும் பிறப்பு, மூப்பு, நோய், சாவோடு நிற்கவில்லை. பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது, விரும்பியது கிடைக்காமல் போவது என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். பௌத்தம் சோகம் பாடும் மதம் என்று யாராவது சொன்னால், மூன்றாவது உண்மை வரைக்கும் கேளுங்கள் என்பேன்.

ஐவரில் கொண்டஞ்ஞருக்குத்தான் முதலில் விளங்கியது. தோன்றும் இயல்புடையது எல்லாம் மறையும் இயல்புடையது என்று கண்டுகொண்டார்.

பக்கத்தில் தர்மராஜிக ஸ்தூபியின் வட்ட அடித்தளம் மட்டும் மிச்சம். 1794-இல் செங்கல்லுக்காக இதை இடித்தார்கள். உள்ளே கல்பேழையில் இருந்த எலும்புகளைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். அந்த வட்டத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன், கிளம்ப மனம் வரவில்லை.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் சிங்கத் தலைப்பகுதி அங்கே இருக்கிறது, ஏழு அடி உயரம், கல்லில் இன்னும் அந்தப் பளபளப்பு. அது நின்ற தூண் உடைந்து வளாகத்திலேயே கிடக்கிறது. அதில் அசோகரின் கட்டளை: சங்கத்தை, அதாவது பௌத்தத் துறவியர் கூட்டத்தை, பிளக்கும் துறவிக்கும் பெண் துறவிக்கும் இல்லறத்தாரின் வெள்ளை உடுத்தி வெளியே அனுப்ப வேண்டும். ஐந்து பேரைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட இடத்தில் இப்படி ஓர் ஆணை வெட்ட நேர்ந்ததே என்று வருத்தமாக இருந்தது.

காசி வணிகர் மகன் யசரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்தபின் சீடர்கள் அறுபது பேரானார்கள். பலருடைய நன்மைக்காகப் போங்கள், ஒரே வழியில் இருவர் போக வேண்டாம் என்று புத்தர் அவர்களை அனுப்பினார். தானும் கிளம்பி உருவேலாவை நோக்கித் திரும்பி நடந்தார்.