அம்மாவைச் சிங்கப்பூருக்கு வரவழைத்த அந்த டிசம்பர்

2021 நவம்பர் 29 அன்று சிங்கப்பூர் இந்தியாவுக்கு விடிஎல் என்ற, தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணப் பாதையைத் திறந்தது. இரண்டு தடுப்பூசியும் போட்டு இரண்டு வாரம் கடந்தவர்கள், அதற்கென்று ஒதுக்கிய விமானத்தில் வந்தால் தனிமைப்படுத்தல் கிடையாது. எனக்கு ஜனவரியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். முதல் பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படி என்று நானும் கணவரும் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. இன்றைக்கு அந்த விதிகள் எதுவும் இல்லை. ஆனாலும் ஆங்கிலம் தெரியாத, மின்னஞ்சல் இல்லாத ஒரு பெண்மணி அப்போது தனியாக நாடு விட்டு நாடு வர என்னென்ன வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்மா இருப்பது திருச்சிக்குப் பக்கத்தில். வழக்கமாகத் திருச்சியில் ஏறினால் நேரே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால் விடிஎல் பட்டியலில் சென்னை, டெல்லி, மும்பை மட்டும்தான் இருந்தன. இந்தியா முழுக்க எல்லா ஊருக்கும் அது விரிந்தது 2022 மார்ச் 16-ல்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்களில் காவிரி டெல்டாக்காரர்கள் எத்தனை பேர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரின் பெற்றோரும் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னைக்குப் போய்த்தான் விமானம் ஏறினார்கள்.

டிக்கெட், விசா எல்லாவற்றையும் விட எங்களை அலைக்கழித்தது அம்மாவின் பெயர்தான். பாஸ்போர்ட்டில் அம்மா பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து மட்டும், அதுவும் முன்னால். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த தடுப்பூசி முகாமில் ஆதாரைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். பதிந்தபோது முதலெழுத்தும் விட்டுப்போய், பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறிவிட்டது. ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருந்ததால் சான்றிதழிலும் நாள், மாதம் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர்.

இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் திருத்த வழி இருந்தது. ஆனால் பெயரை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும் என்று எச்சரிக்கையும் இருந்தது. அதனால் தம்பி பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப, நான் இங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தொலைபேசியில் சொல்ல, அவன் அங்கே தட்டினான். உள்ளே நுழையவே ஓடிபி வேண்டும். முகாமில் அம்மா கொடுத்த எண் அவருடையது இல்லை. அன்றைக்குக் கைபேசி எடுத்துப் போகாததால், வரிசையில் பின்னால் நின்ற மளிகைக்கடை அக்காவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். தம்பி கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த அக்கா பருப்பு நிறுத்துக்கொண்டே, "தம்பி, வந்திருச்சு, எழுதிக்க" என்று ஓடிபியைச் சத்தமாகப் படிப்பது எனக்கு இங்கே கேட்டது. பெயர், முழுப் பிறந்த தேதி, அப்புறம் பாஸ்போர்ட் எண். புதிய சான்றிதழ் இறங்கியதும் தம்பி அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்து ஒரு படம் அனுப்பினான். பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா வந்துவிடுவார் என்று நம்பினேன்.

பெயர் சரியானதும் மற்றது கொஞ்சம் வேகமாக நடந்தது. முதலில் விடிபி என்ற நுழைவு அனுமதி; தடுப்பூசிச் சான்றிதழின் கியூஆர் குறியீட்டை அதில் ஏற்ற வேண்டும். அப்புறம் விசா. அப்புறம் காப்பீடு: கோவிட் வந்தால் சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளி வரை ஈடு தர வேண்டும். தம்பிக்கு ஓர் ஏஜென்ட் முதலில் கொடுத்த பாலிசியில் தொகை பெரிதாக இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலும் கோவிட் என்ற பெயரே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோவிட் சிகிச்சை என்று தெளிவாக எழுதியிருந்த வேறொன்றை எடுத்தோம். அறுபது தாண்டியவர்களுக்கு அப்படி ஒன்று கிடைப்பதே பாடாக இருந்தது.

இதற்கிடையில் ஒமைக்ரான் வந்தது. நவம்பர் 26-ல் உலக சுகாதார அமைப்பு பெயர் வைத்தது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் இங்கே விதிகள் இறுகின. விடிஎல்லில் வருகிறவர்கள் ஒரு வாரம் தினமும் ஏஆர்டி என்ற விரைவுச் சோதனை செய்ய வேண்டும், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சோதனை மையத்துக்கே போய்ச் செய்ய வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது சுகாதார அமைச்சின் அறிவிப்பைத்தான். பாதையையே மூடிவிடுவார்களோ என்ற பயம் வயிற்றைப் பிசைந்தது.

புறப்பாட்டுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்த கோவிட் சோதனை அறிக்கை வேண்டும்; அம்மாவுக்குப் பிசிஆர் எடுத்தோம். அதில் பாஸ்போர்ட் எண்ணோ பிறந்த தேதியோ இருக்க வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் வழக்கம்போல ஆதாரைக் கேட்டார்கள். தம்பி ஆதாரை வெளியே எடுக்கவே இல்லை. பாஸ்போர்ட்டை நீட்டி, இதைப் பார்த்துத்தான் பதிய வேண்டும் என்று நின்று, திரையில் வந்ததைப் படித்துப் பார்த்த பிறகே அம்மாவை உள்ளே அனுப்பினான். அந்த விஷயத்தில் அவன் கெட்டி.

சிங்கப்பூர் வருகை அட்டையை நான் இங்கிருந்தே நிரப்பினேன். அதற்குக் கட்டணம் இல்லை; பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. அந்த அட்டை இன்றைக்கும் உண்டு, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். மின்னஞ்சல் கேட்ட இடத்திலெல்லாம் என்னுடையதைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் இரண்டு பிரதி அச்செடுத்து, மேலே தமிழில் "விமானம் ஏறும்போது", "இறங்கியதும்", "சோதனைக்கு" என்று எழுதி வைக்கச் சொன்னேன். வீல்சேருக்கும் சொல்லிவைத்தோம். அம்மா நன்றாக நடப்பார்தான். ஆனால் வீல்சேர் என்றால் ஓர் ஊழியர் கூடவே வருவார், குடிநுழைவிலிருந்து சோதனை எடுக்கும் இடம் வரை அவரே கூட்டிப் போவார். தனியாக வரும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சாங்கியில் பிசிஆர் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் தனி அறையில் இருக்க வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்ற என்னை அம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "சாப்டியாம்மா?" என்றார். முடிவு என் மின்னஞ்சலுக்கு வந்தது. தொற்று இல்லை. கதவைத் திறந்ததும் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து ஏஆர்டி. பஞ்சுக்குச்சியை மூக்கில் விட்டுச் சுழற்றி, சின்னக் குழாயில் இருக்கும் திரவத்தில் முக்கி, சொட்டு விட்டு, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சி என்ற இடத்தில் மட்டும் கோடு வந்தால் வெளியே போகலாம். டி என்ற இடத்திலும் வந்தால் தொற்று. இரண்டாம் நாளே அம்மா தானாகச் செய்யப் பழகிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன வில்லையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது முடிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். முடிவை நான் இணையத்தில் பதிந்துவிடுவேன். சோதனை மையத்தில் பணியிலிருந்த ஒரு தமிழ்ப் பெண், "பாட்டி, தலையை லேசா மேல தூக்குங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவருக்கு என் நன்றி.

அம்மா வந்து சேர்ந்த பிறகு, டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை விடிஎல் டிக்கெட் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். தோழி ஒருத்தியின் மாமியாருக்கு அனுமதிக் கடிதம் கையில் இருந்தது, டிக்கெட் இல்லை. விற்பனை மறுபடி தொடங்கியபோதும் இருக்கைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் அவர் வர முடியாமலே போனது. தோழியின் குழந்தையைப் பாட்டி கைபேசியில்தான் முதலில் பார்த்தார். எச்சரிக்கை தேவையாக இருந்த காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரசவத்துக்கு வருகிற அம்மாவுக்கும் மாமியாருக்கும் தனியாக ஒரு வரிசை வைத்திருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அம்மா திரும்பிப் போனபோது இந்தியாவின் பக்கம் விதிகள் தளர்ந்திருந்தன. டிசம்பரில் சிங்கப்பூர் அபாயப் பட்டியலில் இருந்தது: சென்னையில் இறங்கினால் சோதனை, ஒரு வாரம் வீட்டுத் தனிமை, எட்டாம் நாள் மறுபடி சோதனை. 2022 பிப்ரவரி 14 முதல் அந்தப் பட்டியலே போய்விட்டது. இந்தியாவுக்கு வருகிறவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் மட்டும் மிச்சம். விமான எண், இருக்கை எண் எல்லாம் கேட்டது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

அம்மா ஊர் போய்ச் சேர்ந்ததும் தம்பி அப்பாவின் தடுப்பூசிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். அதிலும் பெயர் ஒத்துப்போகவில்லை. அன்றைக்கே திருத்தப் போட்டுவிட்டான். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அவரும் வர வேண்டும் அல்லவா.