சித்தப்பாவின் அல்சர்

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் சித்தப்பா, முட்டிவலிக்கு மருந்துக்கடையில் தானே டைக்ளோஃபினாக் (வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய வலி மாத்திரை) வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தால் மோர். அப்புறம் மலம் தார் மாதிரி கருப்பாகப் போக, "இரும்புச்சத்து மாத்திரைதான் காரணம்" என்று விட்டுவிட்டார். அதிலும் கருக்கும்தான், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்கவேண்டும். எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) புண் தெரிந்தது, அதுதான் அல்சர். அப்போதே துளி சதை எடுத்து அல்சரை உண்டாக்கும் எச். பைலோரி கிருமியையும் தேடினார்கள். (அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல். மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்த ஆள்!) இந்தக் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையும் உண்டு, அதற்கு டாக்டரைக் கேட்டு, பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தவேண்டும். திடீரென்று தாங்கமுடியாத வலி வந்து வயிறு இறுகினால் புண் ஓட்டையாகியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. சித்தப்பாவோ இன்னமும் சித்தியின் காரக்குழம்பைத்தான் திட்டுகிறார். காரத்தால் அல்சர் வருவதில்லை, பாவம் சித்தி.