அப்புக்காத்து இல்லாத ராச்சியம்

சட்டப் படிப்பில் எனக்கு விழுந்த தலைப்பு, சார் மன்னர் கால ரஷ்யாவில் சட்டத்தரணித் தொழில் எப்படி உருவானது என்பது. பத்து நிமிடம் பேச வேண்டும்.

முதல்முறை திகதிகளைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். 1864இல் இரண்டாம் அலெக்சாண்டர் நீதிச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு ஒப்பமிட்டார், 1866இல் பீட்டர்ஸ்பர்க்கிலும் மொஸ்கோவிலும் சட்டத்தரணிகள் தங்கள் சபையைத் தாங்களே தெரிந்தெடுத்தார்கள். விரிவுரையாளர் நான்காம் நிமிடமே மறித்தார். "தன் சொல்லே சட்டம் என்றிருந்தவன் ஏன் இதற்குச் சம்மதித்தான்?" நான் முழுசினேன். அடுத்த கிழமை திரும்ப வரச் சொன்னார்.

பரந்தனில் இறங்க பொழுதுபட்டுவிட்டது. அப்பா விறாந்தையில் காணிக் கோப்பை விரித்து வைத்திருந்தார். ஓரம் கறையான் அரித்த கடதாசிகள், அனுமதிப்பத்திரத்துக்காக வருடக்கணக்காய் அலைகிற கோப்பு. பழைய ரஷ்ய நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் எழுத்தில், மூடிய கதவுக்குள்.

"இதுமாதிரித்தான்," கோப்பைத் தட்டினார். "கடதாசிதான் உள்ள போய்க் கதைக்கும். நாங்கள் வெளியில வாங்கில இருக்கிறதுதான். அவங்களுக்கு அப்புக்காத்து இல்லையோ பிள்ளை?"

இலங்கையில் 1973ஆம் ஆண்டுச் சட்டம், மன்றில் வாதாடும் அப்புக்காத்தையும் வழக்குக் கடதாசி தயாரிக்கும் பிறக்கிராசியையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்றது. அப்பா இன்னும் மாறவில்லை.

அன்றிரவுதான் பிடிபட்டது. கிரிமியப் போரில் தோற்று, 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த அரசு அது. அதுவரை ஆண்டையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனம் இனிக் காணி வாங்கும், வழக்கும் போடும். கடதாசி நீதிமன்றம் அதைத் தாங்காது. சட்டத்தரணிகள் மேல் ஆசைப்பட்டு யாரும் கூப்பிடவில்லை. அலெக்சாண்டரின் தகப்பன் நிக்கலஸுக்கு அந்தத் தொழிலே ஆகாது.

ஆனால் பேச விட்டால் பேசுவார்கள்தானே. கைதி ஒருவனுக்குக் கசையடி கொடுப்பித்த பீட்டர்ஸ்பர்க் ஆளுநரை 1878இல் வேரா சசூலிச் சுட்டுக் காயப்படுத்தினாள். அவளுக்காக வாதாடிய அலெக்சாந்திரொவ் துப்பாக்கியைவிடக் கசையைப் பற்றியே அதிகம் பேசினார். ஜூரிமார் விடுதலை செய்தார்கள். அரசு உடனே அதிகாரிகளைத் தாக்கிய வழக்குகளை ஜூரிமாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

அப்பாவின் வாங்கிலிருந்தே இரண்டாம் பேச்சைத் தொடங்கினேன். இந்தமுறை ஒருவரும் மறிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கும் முழுக்கச் சொன்னேன்.

"அந்தப் பெட்டைக்குப் பிறகு என்ன நடந்தது?"

"திரும்பப் பிடிக்கப் பார்த்தாங்கள். தப்பிச் சுவிஸுக்குப் போட்டாள்."

"அவளும் சுவிஸோ!" என்று சிரித்தபடி கோப்பைக் கட்டி வைத்தார்.